பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டு லினக்ஸ் போடுங்கள்

கேள்வி: எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். 2013-ல் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப் இருக்கிறது. கோர் ஐ3 மூன்றாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டுக் காபி போட்டுக் குடித்து முடித்தால்தான் வேலைக்கு வருகிறது. "இதில் விண்டோஸ் 11 ஏறாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்" என்கிறார் சர்வீஸ்காரர். "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்கக்கா, இலவசம்" என்கிறான் பக்கத்து வீட்டுத் தம்பி. மகனோ காளி லினக்ஸ்தான் வேண்டும் என்கிறான். வீட்டுக்காரர் கடைக் கணக்கை டேலியில் வைத்திருக்கிறார். மாமனார் சங்கத்துக் கடிதங்களைப் பழைய தமிழ் ஃபான்ட்டில் டைப்ரைட்டர் முறையில் அடிப்பார். பிரின்டர் கேனன் எல்பிபி 2900. பத்து வருடப் போட்டோ எல்லாம் இதே கம்ப்யூட்டரில்தான். மகனுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பும் இருக்கிறது. எந்த லினக்ஸ் நல்லது? போட்டோ அழிந்துவிடுமா?
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

சர்வீஸ்காரர் சொன்னதில் முதல் பாதி சரி. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். உங்கள் மெஷினில் இரண்டும் இல்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதற்கான 'என்ரோல்' இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கினால் பணம் கட்ட வேண்டியதில்லை. அதை முதலில் செய்துவிடுங்கள். டேலிக்காக விண்டோஸை நீங்கள் எப்படியும் கொஞ்ச நாள் வைத்திருக்கத்தான் போகிறீர்கள்.

தூக்கிப் போடச் சொன்ன இரண்டாம் பாதியைக் கேட்க வேண்டாம். கோர் ஐ3 மூன்றாம் தலைமுறை இன்றும் பிரவுசர், கடிதம், யூடியூப், பைத்தான் பாடம் எல்லாவற்றுக்கும் போதும். உங்கள் மெஷினை நத்தையாக்குவது பெரும்பாலும் அந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்தான். விண்டோஸ் 10 பின்னணியில் ஓயாமல் எழுதிக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கும். சுழலும் தட்டுக்கு அந்த வேகம் கிடையாது. அதே டிஸ்க்கில் லினக்ஸைப் போட்டாலும் கொஞ்சம்தான் தேறும். இதைச் சொல்லாமல் "லினக்ஸ் போட்டால் பறக்கும்" என்று சொல்பவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

எது நல்ல லினக்ஸ் என்று கேட்பதைவிட, உங்கள் வீட்டில் எது ஓட மறுக்கும் என்று பார்ப்பதுதான் சரியான தொடக்கம். பிரவுசர், வீடியோ, படம், பாட்டு எல்லாம் எந்த லினக்ஸிலும் ஓடும். உங்கள் பட்டியலில் முரண்டு பிடிக்கக்கூடியவை மூன்று: டேலி, பிரின்டர், மாமனாரின் பழைய ஃபான்ட். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

காளியை முதலில் முடித்துவிடலாம். அது கம்ப்யூட்டர் நெட்வொர்க்குகளில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்கும் தொழில்காரர்களுக்கான கருவிப்பெட்டி. தினசரி உபயோகத்துக்கு அல்ல என்று அதைத் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். மகனுக்கு அதில் ஆர்வம் என்றால் வர்ச்சுவல் பாக்ஸுக்குள் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரைப் போல ஓட்டும் மென்பொருள்) ஓட்டிப் பழகட்டும், ஆனால் அதற்கு 8 ஜிபி ராமாவது வேண்டும். வீட்டுப் போட்டோவும் கடைக் கணக்கும் இருக்கிற மெஷினில் நேரடியாக வேண்டாம்.

என் தேர்வு லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் மூன்று முகங்களில் வருகிறது: சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ. உள்ளே இருப்பது ஒன்றுதான், மேசைத் தோற்றம் மட்டும் வேறு. மூன்றில் இலகுவானது எக்ஸ்எஃப்சிஇ. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கண்ணுக்கு உறுத்தாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க லுபுன்டு, எம்எக்ஸ் லினக்ஸ் இரண்டையும் கூடவே இறக்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். நூறு சேலையை எடுத்துப் போட்டால் ஒன்றையும் வாங்காமல்தான் கடையிலிருந்து வருவோம். (வேறு வாசகர்களுக்கு: 32 பிட் பிராசஸர் உள்ள மிகப் பழைய மெஷின் என்றால் மின்ட், உபுன்டு இரண்டும் ஏறாது, ஆன்டிஎக்ஸ் பாருங்கள்.)

ஒவ்வொன்றும் 'ஐஎஸ்ஓ' என்ற ஒற்றைக் கோப்பாக வரும். மின்ட் மட்டுமே ஏறக்குறைய 3 ஜிபி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி மொபைல் டேட்டாவில் பாதியில் அறுந்து நொந்து போவீர்கள். பிராட்பேண்ட் இருக்கிற வீட்டில் இறக்குங்கள், அல்லது டொரன்ட் வழியாக இறக்குங்கள். அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தந்த லினக்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். இறங்கியதும் சரிபார்ப்பது அவசியம். 7-ஜிப் நிறுவிய விண்டோஸில் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'எஸ்எச்ஏ-256' என்று ஒரு தேர்வு வரும். அது காட்டும் நீண்ட எண்ணும் தளத்தில் போட்டிருக்கும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பாதியில் இன்ஸ்டால் நின்றுபோவதற்கு அடிக்கடி காரணம் அரைகுறையாக இறங்கிய கோப்புதான்.

பென்டிரைவ் 32 ஜிபி, தெரிந்த கம்பெனி, பில்லுடன் வாங்குங்கள். நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் '1 டிபி' பென்டிரைவ்கள் பல, உள்ளே 8 ஜிபிகூட இல்லாமல் அளவைப் பொய்யாகக் காட்டுபவை. கோப்பு ஏறியதுபோல் தெரியும், படிக்கும்போது குப்பையாக வரும்.

பென்டிரைவைத் தயார் செய்ய 'வென்டாய்' என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். பலரும் தவறுவது இந்த இடத்தில்: ஐஎஸ்ஓ கோப்பை வெறும் பென்டிரைவில் காப்பி செய்துவிட்டு, பூட் ஆகவில்லையே (கம்ப்யூட்டர் அதிலிருந்து எழவில்லையே) என்று உட்கார்ந்திருப்பார்கள். முதலில் வென்டாயைப் பென்டிரைவில் இன்ஸ்டால் செய்ய வேண்டும். அப்போது பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும். அது எந்த டிரைவ் என்று இரண்டு முறை பாருங்கள். வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டே செய்யுங்கள். அதன் பிறகு மூன்று ஐஎஸ்ஓ-வையும் சாதாரணமாகக் காப்பி செய்தால் போதும். ஆன் செய்யும்போது மூன்றையும் பட்டியலாகக் காட்டும்.

பென்டிரைவைக் கேபினெட்டின் பின்பக்கத்து யுஎஸ்பி துளையில் செருகுங்கள். அசெம்பிள் மெஷின்களில் முன்பக்கத் துளை மெல்லிய ஒயரில் தொங்குவது, பாதி நேரம் தொடர்பு விடும். மெஷினை முழுதாக அணைத்து மறுபடி ஆன் செய்ததும் பூட் மெனு சாவியைத் தட்டிக்கொண்டே இருங்கள். கிகாபைட் மதர்போர்டு என்றால் எஃப்12, ஆசஸ் எஃப்8, எம்எஸ்ஐ எஃப்11, இன்டெல் போர்டு எஃப்10. போர்டின் பெயர் ஆன் ஆகும்போது திரையில் வரும். பட்டியலில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை, ஒன்று 'யுஇஎஃப்ஐ' என்ற முன்னொட்டுடன் தெரியலாம். முதலில் அதைத் தேர்ந்தெடுங்கள். நகரவில்லை என்றால் மற்றதை.

சில நிமிடத்தில் மின்ட் மேசை வந்து நிற்கும். இதற்கு லைவ் முறை என்று பெயர். எல்லாம் பென்டிரைவிலிருந்தும் ராமிலிருந்தும் ஓடுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் எதையும் எழுதுவதில்லை. மேசையில் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்று ஓர் ஐகான் இருக்கும், அதைத் தொடாத வரை போட்டோவுக்கு ஆபத்தில்லை. ஃபைல் மேனேஜரில் பழைய டிஸ்க்கைத் திறந்து நீங்களாக எதையாவது டெலீட் செய்தால் மட்டும் அது உண்மையாகவே போய்விடும். மெஷினை அணைத்தால் லைவ் முறையில் செய்ததெல்லாம் மறந்துபோகும், அதனால் பயப்படாமல் நோண்டிப் பாருங்கள்.

அங்கே வேகத்தை எடை போடாதீர்கள். உங்கள் காலத்துப் போர்டுகளில் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0தான், லைவ் முறை தூங்கி வழியும். பார்க்க வேண்டியது எல்லாம் வேலை செய்கிறதா என்பதை. யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டு ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா பாருங்கள். மானிட்டரின் முழு அகலத்துக்குப் படம் வருகிறதா? சஸ்பென்ட் கொடுத்து எழுப்பினால் எழுகிறதா? வைஃபை இல்லாத டெஸ்க்டாப் என்றால் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள், டிரைவர் எதுவும் இல்லாமலேயே லினக்ஸ் அதை ஒயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். வைஃபை வன்பொருள் அடையாளம் தெரியாமல் போகும் லேப்டாப்புக்கும் இதே வைத்தியம்தான்.

திரை கறுப்பாகவே நின்றால், தனி கிராஃபிக்ஸ் கார்டு ஏதாவது செருகியிருக்கிறதா பாருங்கள். மின்டின் தொடக்க மெனுவில் 'கம்பேடிபிலிட்டி மோட்' தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். எந்த வலைத்தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். 2013-ல் வாங்கிய போர்டில் பட்டன் செல் தீர்ந்திருக்கும். தேதி பல ஆண்டு பின்னால் போய் நின்றால் வலைத்தளங்களின் சான்றிதழ் எல்லாம் செல்லாததாகத் தெரியும். சிஆர் 2032 செல் ஒன்றை மாற்றினால் தீர்ந்தது.

நடுவில் உறைந்து நிற்பது, தானாக ரீஸ்டார்ட் ஆவது என்றால் லினக்ஸைத் திட்டுவதற்கு முன் ராமைக் கவனியுங்கள். காசிமேட்டுப் பக்கத்து உப்புக்காற்று ராமின் பொன்னிறப் பற்களில் படலம் கட்டிவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்து, 'டக்' என்று இருபக்கமும் பூட்டும்வரை அழுத்தி மாட்டுங்கள். அப்படியும் நின்றால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஐஎஸ்ஓ-வை அதே பென்டிரைவில் போட்டு ஓர் இரவு ஓடவிடுங்கள். சிவப்பில் ஒரு வரி வந்தாலும் அந்த ராம் கழிவுதான்.

லைவ் முறையில் இருக்கும்போதே மெனுவில் 'டிஸ்க்ஸ்' என்ற கருவியைத் திறந்து உங்கள் ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் 'ஸ்மார்ட்' தகவலைப் பாருங்கள். 'ரீஅலோகேட்டட் செக்டர்', 'பென்டிங் செக்டர்' இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. எண் ஏறியிருந்தால் டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது. லினக்ஸை ஒத்திவைத்துவிட்டு அன்றைக்கே போட்டோவைக் காப்பாற்றுங்கள். எண் பூஜ்யமாக இருந்தாலும் போட்டோவை வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பத்து வருடப் படம் 12 வயது டிஸ்க் ஒன்றில் மட்டும் இருப்பது லினக்ஸைவிடப் பெரிய அபாயம்.

ஒரு வாரம் இப்படிப் பார்த்துப் பிடித்துவிட்டது என்றால், இன்ஸ்டால் செய்யும் முறை இது. விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைக் கூறு போட்டு லினக்ஸையும் அதிலேயே வைப்பதுதான் எல்லோரும் சொல்லும் வழி. எனக்கு அதில் உடன்பாடில்லை. பகுதியின் அளவை மாற்றும்போது கரண்ட் போனால் இரண்டும் போச்சு. அதற்குப் பதில் 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று, ஒரு சாட்டா டேட்டா கேபிள், பவர் சப்ளைப் பெட்டியில் (எஸ்எம்பிஎஸ்) மிச்சத் தலை இல்லை என்றால் மோலக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் பவர் கேபிள், இத்தனையும் வாங்குங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். போகிற போக்கில் 4 ஜிபி டிடிஆர்3 டெஸ்க்டாப் ராம் ஒன்றும் பாருங்கள். நீளமானது டெஸ்க்டாப் ராம், பாதி நீளம் உள்ளது லேப்டாப்புக்கு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். லினக்ஸ் குறைந்த ராமில் எழுந்து உட்கார்ந்தாலும் பிரவுசரின் பசி எங்கேயும் ஒன்றுதான். பத்து டேப் திறந்தால் 4 ஜிபி திணறும்.

மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கின் டேட்டா வயரையும் பவர் வயரையும் கழற்றிவிடுங்கள். எஸ்எஸ்டி-யை மட்டும் மாட்டுங்கள். இப்போது பென்டிரைவிலிருந்து பூட் செய்து அந்த இன்ஸ்டால் ஐகானை அழுத்தலாம். 'டிஸ்க்கை அழித்து இன்ஸ்டால் செய்' என்று கேட்கும்போது கை நடுங்க வேண்டாம், அழிப்பதற்குக் காலி எஸ்எஸ்டி தவிர எதுவும் மாட்டப்படவில்லை. பென்டிரைவ் ஒன்று இருக்கிறது, பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்துவிடாமல் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் நஷ்டம் இல்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கேள்விகளில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கீபோர்டு கேட்கும் இடத்தில் ஆங்கிலம் (யுஎஸ்) கொடுங்கள். ஆர்வத்தில் தமிழ் கொடுத்தால் பாஸ்வேர்டு தமிழில் விழுந்து, அப்புறம் உள்ளே நுழைய முடியாமல் தவிப்பீர்கள். 'மல்டிமீடியா கோடெக்' பெட்டியில் டிக் போடுங்கள், இல்லையென்றால் சில வீடியோ ஓடாது. எஸ்எஸ்டி-யில் அரை மணிக்குள் முடிந்துவிடும். பிறகு அணைத்து, பழைய டிஸ்க்கின் வயர்களை மறுபடி மாட்டுங்கள். பயாஸில் (போர்டின் அமைப்புப் பக்கம்) எஸ்எஸ்டி-யை முதலாவதாக வையுங்கள். விண்டோஸ் வேண்டும்போது ஆன் செய்து பூட் மெனு சாவியைத் தட்டி ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் அது பழையபடி வரும். லினக்ஸ் பிடிக்கவில்லையா, எஸ்எஸ்டி-யைக் கழற்றினால் எதுவும் நடக்காத மாதிரி ஆகிவிடும்.

லினக்ஸிலிருந்தே பழைய டிஸ்க்கின் போட்டோக்களைப் பார்க்கலாம். ஆனால் விண்டோஸ் 10 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற பெயரில் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் போகும். அந்நிலையில் லினக்ஸ் அந்த டிஸ்க்கில் எழுத மறுக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும்' என்ற பக்கத்தில் அதன் டிக்கை எடுத்துவிடுங்கள்.

இனி அந்த மூன்று. டேலி விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட முயலும் 'வைன்' வழியாக ஓட்டும் குறுக்கு வழிகள் உண்டு. கடைக் கணக்கை அதில் வைத்துச் சூதாட வேண்டாம். டேலி விண்டோஸ் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். ஜிஎஸ்டி தளம் பிரவுசரில் எங்கும் திறக்கும், ஓடிபி வழியாகக் கையெழுத்திடுவதும் நடக்கும். யுஎஸ்பி டோக்கனில் டிஜிட்டல் கையெழுத்து வைத்திருந்தால் அதை மட்டும் விண்டோஸில் செய்யச் சொல்லுங்கள்.

பிரின்டர்தான் உண்மையான முட்டுக்கட்டை. எல்பிபி 2900 கேனனின் 'காப்ட்' என்ற சொந்த மொழியில் மட்டும் பேசுகிறது. லினக்ஸுக்கான அதன் டிரைவர் பழையது. புதிய வெளியீடுகளில் ஏற்றுவது பாடுதான், ஏற்றினாலும் ஒரு நாள் அடித்து மறுநாள் முறைக்கும். என் யோசனை: லினக்ஸில் கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கிப் பழைய டிஸ்க்கில் சேமித்து, விண்டோஸில் போய் அடியுங்கள். அது சலித்தால் அடுத்த பிரின்டர் வாங்கும்போது லினக்ஸ் ஆதரவு பார்த்து வாங்கலாம். எப்சன் எல் வரிசை இங்க் டேங்க், எச்பி-யில் பெரும்பாலானவை தொல்லை தராது. எச்பி லேசர்ஜெட் 1020 மட்டும் ஆன் செய்யும்போதெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து மென்பொருளை ஏற்றிக்கொள்ளும் ரகம். எச்பிலிப் என்ற எச்பி டிரைவர் தொகுப்பின் பிளகின்னையும் தனியாகப் போட்டால்தான் அடிக்கும்.

மாமனாரின் விஷயம் நீங்கள் பயப்படுவதைவிட எளிது. பழைய ஃபான்ட்டில் அடித்த கடிதங்கள் உண்மையில் ஆங்கில எழுத்துக் குறிகளாகச் சேமிக்கப்பட்டு, ஃபான்ட்டின் உபயத்தால் தமிழாகத் தெரிபவை. விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த ஃபான்ட் கோப்பைக் காப்பி செய்து, லினக்ஸில் டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால், லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளில் பழைய கடிதம் அப்படியே படிக்கக் கிடைக்கும். புதிதாக அடிப்பதை யூனிகோடில் (தனி ஃபான்ட்டை நம்பாத பொது எழுத்துமுறை) அடிக்கட்டும். மின்ட் மெனுவில் 'இன்புட் மெத்தட்' போய்த் தமிழைத் தேர்ந்து ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவி, லாக் அவுட் ஆகி வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழின் கீழ் பாருங்கள். 'டைப்ரைட்டர்' விசைப்பலகை அங்கேயே இருக்கிறது. அவர் விரல் பழகிய முறைதான். மகனுக்கும் உங்களுக்கும் 'தமிழ்99'. இரண்டுக்கும் இடையில் விண்டோஸ் சாவியும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி மாறலாம். ஒரு எச்சரிக்கை: சாதாரணக் கீபோர்டு செட்டிங்ஸிலும் 'தமிழ்நெட் 99' என்று ஒன்று தென்படும். அது வெறும் சாவி வரைபடம். தமிழ்99-இன் தானாகப் புள்ளி வைக்கும் விதி அதில் நடக்காது; 'அம்மா' அடித்தால் 'அமமா' என்று வரும். ஐபஸ் பட்டியலில் இருப்பதையே எடுங்கள்.

சிக்கலுக்கு விடை தேடும்போது திரையில் வரும் ஆங்கில வாசகம் உதவும் என்பதால், தொடக்கத்தில் மெனுவை ஆங்கிலத்திலேயே விடுங்கள். தமிழில் படிக்க விரும்பினால் 'கணியம்' 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது.

விண்டோஸுக்குப் போகும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நின்றால் செல் போச்சு என்று நினைக்காதீர்கள். லினக்ஸ் போர்டின் கடிகாரத்தை கிரீன்விச் நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. டேலியில் அதிகாலைக் கணக்கு முந்தின நாள் தேதியில் விழுந்துவிடும். விண்டோஸின் நேரப் பக்கத்தில் 'சிங்க் நவ்' அழுத்தினால் அப்போதைக்குச் சரியாகும். நிரந்தரத் தீர்வுக்குப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் "லினக்ஸில் ஹார்டுவேர் கடிகாரத்தை லோக்கல் டைமுக்கு மாற்று" என்று சொல்லுங்கள். ஒரு வரி வேலை.

லேப்டாப்பைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள். இத்திட்டத்தில் வந்த பல லேப்டாப்புகளில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். சென்னை சி-டாக் உருவாக்கியது, டெபியனை அடித்தளமாகக் கொண்டது. உங்களுடையதிலும் இருக்கிறதா என்று ஆன் செய்யும்போது வரும் பட்டியலில் பாருங்கள். அந்தக் காலத்துப் பதிப்புக்கு இப்போது அப்டேட் வராது, அதில் பேங்க் வேலை வேண்டாம். இடத்தை அடைக்கிறதே என்று விண்டோஸில் இருந்துகொண்டு அந்தப் பகுதியை டெலீட் செய்வதுதான் பிள்ளைகள் செய்யும் தவறு. இரண்டையும் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லும் 'கிரப்' நிரலின் கோப்புகள் பாஸ் பகுதிக்குள்தான் இருக்கின்றன. அதை அழித்தால் மறுமுறை ஆன் செய்யும்போது 'கிரப் ரெஸ்க்யூ' என்று கறுப்புத் திரையில் நிற்கும், விண்டோஸும் வராது. மகன் ஏற்கெனவே அப்படிச் செய்துவிட்டால் விண்டோஸ் உள்ளேதான் இருக்கிறது, ஃபார்மட் செய்யச் சொல்லும் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அந்தப் பென்டிரைவிலிருந்து மின்ட் லைவ் போட்டு முதலில் அவன் கோப்புகளை வெளியே எடுங்கள். பிறகு விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' கொடுத்துப் பார்க்கலாம்.